கம்ப்யூட்டர் மூளைக்குள்ளே ஒரு நீல வளையம்!

குட்டீஸ்... ஓர் அஞ்சல் அட்டையையோ, இன்லாண்ட் லெட்டரையோ கையில் எடுத்துப் பாருங்கள். முகவரி எழுதும் பக்கத்தில் வரிசையாக ஆறு கட்டங்கள் இருக்கும். பின்கோடு எழுதுவதற்கான கட்டங்கள் அவை. உசிலம்பட்டியில் இருக்கும் உங்கள் மாமாவுக்குக் கடிதம் போடுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். அந்தக் கட்டங்களில் என்ன எழுதுவீர்கள்? 625532.

இதில், முதலில் வரும் 6 என்ற எண், தமிழகம், கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய பகுதியைக் குறிக்கும். முதல் மூன்று எண்களான 625, மதுரை, தேனி வட்டாரத்தைக் குறிக்கும். கடைசியில் வரும் 532, உசிலம்பட்டி அஞ்சலகத்தைக் குறிக்கும்.

நம் நாட்டில் இந்த பின்கோடு முறை, 1972ம் ஆண்டு, ஆகஸ்ட் 15ல் அறிமுகமானது. இதை உருவாக்கியவர், அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், விதவிதமான மொழிகளில் முகவரிகள், படிக்கவே முடியாத கோழிக் கிறுக்கல் கையெழுத்துகள்... இத்தனை தலைவலிக்கும் ஆறே எண்களில் மருந்து கண்டுபிடித்தார் அவர்.

சரி, அந்த ஆறு எண்களில் ஒன்றே ஒன்றைத் தப்பாகப் படித்து விட்டால்?

கடைசியில் உள்ள 2ஐ, 1 என்று படித்தால், 625531 ஆகி விடும். அது தேனியின் பின்கோடு! உசிலம்பட்டி மாமாவுக்குப் போக வேண்டிய கடிதம், மேற்கே ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளிப் போய் இறங்கி விடும்.

படிப்பவர் ஒரு மனிதர் என்றால் கவலை இல்லை. ஊர் பெயரைப் பார்த்து, 'அட, இது உசிலம்பட்டி ஆச்சே...' என்று சரி செய்து கொள்வார். ஆனால், எண்ணை மட்டும் பார்த்துக் கடிதங்களைப் பிரிக்கும் மெஷின் என்றால்? அதற்கு 1 என்று பட்டால் 1 தான்!

கையால் எழுதிய எண்ணை மெஷின் எப்படிப் படிக்கிறது? அதன் மூளைக்குள் 0, 1, 2 எல்லாம் எப்படிப் பதிந்திருக்கும்? சும்மா கற்பனை செய்ய வேண்டாம். அதை அப்படியே படமாக வரைந்து பார்க்க முடியும். ஒரு பேப்பரும், பென்சிலும் எடுத்து வாருங்கள், பார்த்து விடலாம்.

ஒரு 2... ஓராயிரம் விதம்!

உங்கள் வகுப்பில் 40 பேர் இருந்தால், 40 பேரையும் ஒரு 2 எழுதச் சொல்லுங்கள். ஒருவர் வாத்துக் கழுத்து போல் வளைப்பார். இன்னொருவர் அடியில் ஒரு சுழி போடுவார். மற்றொருவரின் 2, பார்க்க 'இசட்' போலவே இருக்கும். ஆனாலும், எல்லாமே 2 தான் என்று உங்களுக்குத் தெரிகிறது.

இதைக் கம்ப்யூட்டருக்கு விதியாகச் சொல்லிக் கொடுக்க முயன்று பாருங்கள். 'மேலே வளைவு, கீழே படுத்த கோடு இருந்தால் அது 2' என்று சொல்கிறீர்கள். அடியில் சுழி போட்டவரின் 2 அடிபட்டுப் போகும். 'சுழியும் இருக்கலாம்' என்று சேர்த்தால், கோணலாக எழுதிய 3ம், 8ம் உள்ளே புகுந்து விடும். விதி மேல் விதி போட்டாலும் ஓட்டை இருந்து கொண்டே இருக்கும்.

வீட்டில் பாட்டி, குட்டிப் பாப்பாவுக்கு மாட்டையும், எருமையையும் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்? 'கொம்பு இத்தனை அங்குலம் வளைந்திருந்தால் எருமை' என்றா? இல்லையே... 'இதோ பசு, அதோ எருமை' என்று காட்டிக் கொண்டே இருப்பார். பாப்பா தப்பாகச் சொன்னால் திருத்துவார். கொஞ்ச நாளில் பாப்பாவே சரியாகச் சொல்லி விடும்.

அதே வழியைத் தான் கம்ப்யூட்டருக்கும் பிடித்தனர் விஞ்ஞானிகள். நம் மூளையில் உள்ள நரம்பு அணுக்களைப் பார்த்து எழுந்த யோசனை என்பதால், இதற்கு 'நியூரல் நெட்வொர்க்' என்று பெயர். தமிழில், நரம்பு வலைப்பின்னல்.

எருமை ஊர் கதை!

எருமை என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஒரு நகரம் இருக்கிறது. அதன் பெயர் பஃபலோ. ஆங்கிலத்தில் எருமைக்கும் அதே சொல் தானே! மெஷின் படிக்கக் கற்ற கதையில், இந்த ஊர் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில், 1950களின் இறுதியில், பஃபலோ நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த பிராங்க் ரோசன்பிளாட் என்பவர், 'பெர்செப்ட்ரான்' என்ற யோசனையை உருவாக்கினார். அதை வைத்துச் செய்த மெஷினுக்கு 400 மின் கண்கள். 20 வரிசை, ஒவ்வொன்றிலும் 20. காட்டும் உருவங்களைப் பார்த்து, தப்பு செய்து, திருத்திக் கொண்டு கற்றது அது.

அடுத்து, 1989ம் ஆண்டு, பெல் ஆய்வுக்கூடத்தில் யான் லெகுன் என்ற பிரான்ஸ் நாட்டு இளைஞரும், அவருடைய குழுவினரும், அசல் கடிதங்களில் இருந்த எண்களை மெஷினுக்குக் கற்றுக் கொடுத்தனர். அவை எந்த ஊர் அஞ்சலகம் வழியாகப் போன கடிதங்கள் தெரியுமா? பஃபலோ! மொத்தம் 9,298 எண்கள். அதில், 7,291 எண்களைக் காட்டிப் பாடம் நடத்தினர். மீதி 2,007 எண்களை ஒளித்து வைத்து, பிறகு பரீட்சை வைத்தனர்.

ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? நோட்டில் போட்ட கணக்கையே பரீட்சையிலும் கேட்டால், புரிந்து படித்தவர் யார், மனப்பாடம் செய்தவர் யார் என்று தெரியாதே... அதனால் தான்! அந்தப் பரீட்சையில், 2,007 எண்களில், 102ஐ மட்டும் தப்பாகச் சொன்னது மெஷின்.

அதே பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில், இந்தியாவில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த சர்கூர் ஸ்ரீஹரி என்ற பேராசிரியர் இருந்தார். கையால் எழுதிய முழு முகவரியையும் படிக்கும் மெஷின்களை, 1990களில் அமெரிக்க அஞ்சல் துறைக்காக உருவாக்கிய குழுவின் தலைவர் இவர் தான். 2022ல் காலமானார்.

நம் கையால் ஒரு குட்டி மூளை!

இனி பென்சிலுக்கு வேலை. நாமே ஒரு குட்டி மூளை செய்யப் போகிறோம். இதற்கு 0, 1 என்ற இரண்டே எண்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டர், எழுத்தை நம்மைப் போல் பார்ப்பதில்லை. கட்டம் போட்ட நோட்டில் எழுதியது போல், எந்தக் கட்டத்தில் மை இருக்கிறது, எதில் இல்லை என்று மட்டுமே பார்க்கும். நமக்கு, குறுக்கே 3, நெடுக்கே 5 என, 15 கட்டங்கள் போதும். இதோ ஒரு 0:

■ ■ ■
■ □ ■
■ □ ■
■ □ ■
■ ■ ■

இதோ ஒரு 1:

□ ■ □
□ ■ □
□ ■ □
□ ■ □
□ ■ □

இன்னொரு தாளில் 15 கட்டங்கள் போடுங்கள். அது தான் மூளை! ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மார்க். ஆரம்பத்தில் எல்லாமே பூஜ்யம் மார்க். இன்னும் எதையும் கற்கவில்லையே!

பாடம் நடத்தும் விதி ரொம்ப சுலபம். 0 என்ற எண்ணைக் காட்டும்போது, அதில் மை பட்ட கட்டங்களுக்கெல்லாம், மூளைத் தாளில் ஒரு மார்க் கூட்ட வேண்டும். 1 என்ற எண்ணைக் காட்டும்போது, மை பட்ட கட்டங்களில் ஒரு மார்க் குறைக்க வேண்டும்.

மேலே உள்ள இரண்டையும் காட்டி முடித்ததும், மூளைத் தாள் இப்படி இருக்கும்:

+1   0   +1
+1  −1  +1
+1  −1  +1
+1  −1  +1
+1   0   +1

இப்போது கலர் பென்சில் எடுத்து, பிளஸ் மார்க் கட்டங்களுக்கு நீலமும், மைனஸ் மார்க் கட்டங்களுக்குச் சிவப்பும் தீட்டுங்கள். இரண்டு பக்கமும் நீலச் சுவர். நடுவே ஒரு சிவப்புக் கோடு. கற்றுக் கொண்டதைக் கண்ணால் பார்த்து விட்டீர்கள்! 'சுவரில் மை இருந்தால் 0. நடுவில் மை இருந்தால் 1' என்கிறது இந்தப் படம்.

அடுத்து பரீட்சை. காட்டும் எண்ணில் மை பட்ட கட்டங்களின் மார்க்கை எல்லாம் கூட்டுங்கள். விடை பிளஸ் என்றால் 0. மைனஸ் என்றால் 1. சரியாகப் பூஜ்யம் வந்தால், மெஷின் முடிவெடுக்க முடியாமல் முழிக்கிறது என்று அர்த்தம்.

மேலே உள்ள 0க்கு, கூட்டினால் +10. சபாஷ்! மேலே உள்ள 1க்கு −3. அதுவும் சரி.

ஏமாந்தது எப்படி?

இப்போது ஒரு குறும்பு செய்யலாம். 1 என்ற எண்ணைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் தள்ளி எழுதுவோம்:

□ □ ■
□ □ ■
□ □ ■
□ □ ■
□ □ ■

கூட்டிப் பாருங்கள். +5 வருகிறது. 'இது 0' என்கிறது நம் மெஷின்! ஒரு சின்னக் குழந்தை கூட இப்படிச் சொல்லாது. ஆனால், மெஷினைத் திட்டிப் பயனில்லை. படத்தைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது. வலப்பக்கச் சுவர் நீலமாக இருக்கிறதே!

பாட்டி பாப்பாவைத் திருத்துவது போல், நாமும் திருத்துவோம். 1 என்ற எண்ணைத் தப்பாகச் சொன்னால், மை பட்ட கட்டங்களில் ஒரு மார்க் குறை. 0 என்ற எண்ணைத் தப்பாகச் சொன்னால், மை பட்ட கட்டங்களில் ஒரு மார்க் கூட்டு. முழித்தாலும் தப்பு தான்.

முதல் திருத்தம்: வலச்சுவரில் எல்லாம் ஒன்று குறைக்கிறோம். வலச்சுவர் பூஜ்யம் ஆகிறது. மறுபடி அதே 1ஐக் காட்டினால், விடை பூஜ்யம். முழிக்கிறது.

இரண்டாம் திருத்தம்: இன்னும் ஒன்று குறைக்கிறோம். வலச்சுவர் −1 ஆகிறது. இந்த 1க்கு இப்போது −5. சரியாகி விட்டது! ஆனால், பழைய 0ஐக் காட்டினால், விடை பூஜ்யம். புதியதைக் கற்றதில் பழையது மறந்து போச்சு!

மூன்றாம் திருத்தம்: 0ல் மை பட்ட கட்டங்களுக்கெல்லாம் ஒன்று கூட்டுகிறோம். 0 நினைவுக்கு வந்து விட்டது. ஆனால், தள்ளி எழுதிய 1ஐப் பார்த்து மறுபடி முழிக்கிறது.

நான்காம் திருத்தம்: வலச்சுவரில் ஒன்று குறைக்கிறோம். இப்போது மூளைத் தாள் இப்படி:

+2  +1  −1
+2  −1  −1
+2  −1  −1
+2  −1  −1
+2  +1  −1

மூன்றையும் காட்டிப் பாருங்கள். 0க்கு +7. நடுவில் எழுதிய 1க்கு −1. தள்ளி எழுதிய 1க்கு −5. மூன்றுமே சரி! நாலே திருத்தத்தில் பாஸ்!

அவசரப்பட்டுக் கை தட்டாதீர்கள். மறுபடி கலர் தீட்டுங்கள். இடப்பக்கச் சுவர் மட்டும் நல்ல அடர் நீலம். மற்ற பக்கமெல்லாம் பெரும்பாலும் சிவப்பு. அதாவது, '0 என்பது வட்டமான எண்' என்று மெஷின் கற்கவே இல்லை. 'இடப்பக்கம் மை இருந்தால் 0' என்று தான் கற்றிருக்கிறது. அது காட்டிய மூன்று எண்களுக்கும் சரியாக வந்ததால், அத்தோடு நிறுத்திக் கொண்டது.

இப்போது யாராவது 1 என்ற எண்ணை இடப்பக்கம் தள்ளி எழுதினால்? +10! முன்பை விடப் பெரிய தப்பை, முன்பை விட அதிக உறுதியோடு சொல்லும். பரீட்சை மார்க்கை மட்டும் பார்த்திருந்தால், இது நமக்குத் தெரிந்திருக்காது. படத்தைப் பார்த்ததால் தெரிந்தது. விஞ்ஞானிகள், மெஷினின் மூளையைப் படம் வரைந்து பார்ப்பது இதற்காகத் தான்.

பத்துப் படங்கள்!

நாம் செய்தது 15 கட்டங்கள். 1990களில், லெகுனும், நண்பர்களும் ஒரு பெரிய தொகுப்பை உருவாக்கினர். அதன் பெயர், 'எம்னிஸ்ட்'. அதில் பாடத்துக்கு 60 ஆயிரம் எண்களும், பரீட்சைக்கு 10 ஆயிரம் எண்களும் இருக்கின்றன. எல்லாமே கையால் எழுதியவை. ஒவ்வொரு எண்ணும், குறுக்கே 28, நெடுக்கே 28 என, 784 கட்டங்களில் அடங்கும். உலகம் முழுக்க, இந்தப் பாடம் படிக்கும் கல்லூரி மாணவர்கள் முதலில் கை வைப்பது இதில் தான்.

இதை வைத்துச் செய்யும் ரொம்ப எளிய மூளைக்கு, நம்முடையது போல் ஒரு தாள் போதாது. 0 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாள் என, 10 தாள்கள் வேண்டும். தாளுக்கு 784 மார்க். மொத்தம், 7,840 மார்க்குகள். புதிதாக ஓர் எண்ணைக் காட்டினால், பத்துத் தாள்களிலும் தனித்தனியே கூட்டிப் பார்க்கும். எந்தத் தாளில் அதிக மார்க் வருகிறதோ, அது தான் விடை. நாம் நாலு திருத்தம் செய்தோம். கம்ப்யூட்டர், ஆயிரக்கணக்கான தடவை, ஒவ்வொரு தடவையும் துளித் துளியாகத் திருத்தும்.

கற்று முடித்ததும், அந்தப் பத்துத் தாள்களுக்கும் நீலமும், சிவப்பும் தீட்டினால்...

0ன் தாளில், அழகான ஒரு நீல வளையம். நடுவில் இரத்தச் சிவப்பாக ஒரு பொட்டு! 'வளையத்தில் மை இருந்தால் நல்லது. நடுவில் ஒரு துளி மை இருந்தாலும் இது 0 இல்லை' என்று சொல்கிறது அது. 1ன் தாளில், நடுவே நீலக் கம்பம். இரு புறமும் சிவப்பு. 2, 3 தாள்களை உற்றுப் பார்த்தால், மங்கலாக எண்ணின் உருவம் தெரியும். 5, 8 தாள்களோ, மழையில் நனைந்த ரங்கோலி போல் கலங்கி இருக்கும். ஓரங்களிலும், மூலைகளிலும் நிறமே இருக்காது. அங்கே யாரும் மை வைத்ததே இல்லை என்பதால், கற்க எதுவும் இல்லை.

5, 8 ஏன் கலங்குகின்றன? ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் வளைத்து எழுதுகின்றனர். எல்லாவற்றையும் ஒரே தாளில் திணித்தால், ஒன்றை ஒன்று அழித்துக் கொள்கிறது. 4ம், 9ம் கூட அதனால் தான் குழம்பும். 4ன் தலையை மூடி எழுதினால், 9 என்று நினைத்து விடும்.

இந்த எளிய மூளை, 100 எண்களில் சுமார் 92 எண்களைச் சரியாகச் சொல்லும். பரீட்சையில் 92 மார்க் என்றால், வீட்டில் பாயசம் தான்! ஆனால், பின்கோடுக்கு ஆறு எண்களும் சரியாக இருக்க வேண்டுமே... கால்குலேட்டரில் 0.92ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள். 0.61 அளவுக்கு வரும். அதாவது, 100 கடிதங்களில், 61 தான் சரியான ஊருக்குப் போகும். மீதி 39 கடிதங்கள் தப்பான பின்கோடு பெற்று விடும்! ஓர் எண்ணுக்கு 100ல் 99 சரி என்று முன்னேறினால் கூட, 6 கடிதங்கள் வழி தவறும்.

அதனால், விஞ்ஞானிகள் அடுக்கடுக்காக மூளையைக் கட்டினர். முதல் அடுக்கு கண்டதை, இரண்டாம் அடுக்கு பார்க்கும். இரண்டாம் அடுக்கு கண்டதை, மூன்றாம் அடுக்கு பார்க்கும். நடுவில் 16 அணுக்கள் கொண்ட இரண்டே அடுக்குகள் வைத்தாலும், மொத்தம் 13,002 எண்களைத் திருத்த வேண்டி வரும். விடைகள் இன்னும் சரியாக வரும். நல்ல முறையில் கட்டிய மூளைகள், 100க்கு 99க்கு மேலேயே வாங்குகின்றன. ஆனால், முதல் அடுக்கின் படங்களைத் தீட்டிப் பார்த்தால், 'இங்கே ஒரு வளைவு, அங்கே ஒரு கோடு' என்று தெளிவாக இருக்காது. பெரும்பாலும் திட்டுத் திட்டாகத் தான் தெரியும். விடை சரியாகச் சரியாக, மூளையைப் படித்துப் புரிந்து கொள்வது கஷ்டமாகி விடுகிறது. அதைப் புரிய வைப்பதே இன்று ஒரு தனி ஆராய்ச்சி.

'தெரியாது' என்று சொல்லாத மெஷின்!

ஒரு வேடிக்கையான கேள்வி. 0, 1 மட்டுமே தெரிந்த நம் குட்டி மூளையிடம், ஒரு 7ஐக் காட்டினால் என்ன சொல்லும்? 'எனக்கு இது தெரியாது' என்று சொல்லுமா? சொல்லாது. கூட்டும், பிளஸ்சா, மைனஸ்சா என்று பார்க்கும், 0 அல்லது 1 என்று அடித்துச் சொல்லும். அதற்குத் தெரிந்த விடைகள் இரண்டே இரண்டு.

பத்துத் தாள் மூளையும் அப்படித் தான். நம் பாட்டன், பூட்டன் எழுதிய தமிழ் எண்களைப் பார்த்திருக்கிறீர்களா? ௧ என்றால் 1. ௨ என்றால் 2. ௭ என்றால் 7. மொரிஷியஸ் நாட்டு ரூபாய் நோட்டுகளில், தமிழ் எண்களை இன்றும் பார்க்கலாம். எம்னிஸ்ட் படித்த மெஷினிடம் ௧ஐக் காட்டினால், 0 முதல் 9க்குள் எதையாவது ஒன்றைச் சொல்லி விட்டுப் போகும்.

ஏன் என்றால், எம்னிஸ்ட் எண்களை எழுதியவர்கள், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊழியர்களும், அந்த நாட்டுப் பள்ளி மாணவர்களும் தான். அவர்கள் கையெழுத்து தான் மெஷினின் உலகம். உசிலம்பட்டி பள்ளியில் படிக்கும் ஒரு மாணவி, தன் 1ஐயோ, 7ஐயோ வேறு மாதிரி வளைத்து எழுதினால், தப்பு அவள் மேல் இல்லை. அவள் கையெழுத்தை மெஷினுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவு தான்.

இதைப் புரிந்து கொண்ட நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. கோல்கட்டாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், அசல் தபால் உறைகளில் இருந்தும், வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்களில் இருந்தும், தேவநாகரி, வங்காள எண்களை ஆயிரக்கணக்கில் சேகரித்தனர். 2019ல், கன்னட எண்களுக்கென்றே, எம்னிஸ்ட் போல ஒரு தொகுப்பு வெளியானது.

நம் தமிழுக்கு? பெங்களூரில் இயங்கிய எச்.பி. ஆய்வுக்கூடம், தமிழ் எழுத்துகளைச் சேகரித்தது. 247 எழுத்துகளையும் தனித்தனியே படிக்க வேண்டியதில்லை. 'கொ' என்பதை, கொம்பு, 'க', கால் என்று பிரித்து விடலாமே! அப்படிப் பிரித்ததில் 156 வடிவங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பலரை எழுத வைத்து, சுமார் 500 மாதிரிகள் சேர்த்தனர். எழுதியவர்கள் யார் தெரியுமா? பெங்களூரிலும், சேலத்திலும் உள்ள தமிழர்கள். அதில் பெரியவர்களோடு, உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளும் உண்டு! இந்தத் தொகுப்பை வைத்து, 2006ல், தமிழ் எழுத்தைப் படிக்கும் மெஷின்களுக்குச் சர்வதேச அளவில் ஒரு போட்டியே நடந்தது.

சந்தேகம் வந்தால் மெஷின் என்ன செய்ய வேண்டும்? அதற்கும் வழி உண்டு. முதல் தாளுக்கும், இரண்டாவதாக வந்த தாளுக்கும் மார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், 'இதை மனிதர் யாராவது பாருங்கள்' என்று தனியே ஒதுக்கி வைக்கலாம். 1989ல், லெகுன் குழுவினர் அதையும் சோதித்தனர். 100 எண்களில், சந்தேகமான 12 எண்களை ஒதுக்கி விட்டால், மீதியில் தப்பு 100க்கு ஒன்றாகக் குறைந்தது. ஒதுக்கிய எண்ணைப் பார்த்து, ஊர் பெயரையும் படித்து, சரியான பையில் போட மனிதர் ஒருவர் வேண்டும். மெஷின் எத்தனை வந்தாலும், அந்த வேலை முக்கியமானது தான்.

நீங்களும் செய்யலாம்!

இந்த ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு இதைச் செய்து பாருங்கள். கணக்கு நோட்டில், குறுக்கே 5, நெடுக்கே 7 என 35 கட்டங்கள் போடுங்கள். 20 நண்பர்களிடம், 4 என்ற எண்ணையும், 9 என்ற எண்ணையும் அதில் எழுதி வாங்குங்கள். மை பட்ட கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். 10 பேருடையதைப் பாடத்துக்கு வையுங்கள். 10 பேருடையதை ஒளித்து வையுங்கள். 9க்குக் கூட்டுங்கள், 4க்குக் குறையுங்கள். தப்பு வரும்போதெல்லாம் திருத்துங்கள். பிறகு, ஒளித்து வைத்ததை எடுத்துப் பரீட்சை வையுங்கள்.

மார்க் எத்தனை என்று பார்ப்பதோடு நிறுத்தி விடாதீர்கள். நீலம், சிவப்பு தீட்டி, உங்கள் மெஷின் எதைப் பார்த்து 9 என்கிறது என்று கண்டுபிடியுங்கள். எந்தக் கட்டத்தில் அது ஏமாறும் என்று முன்கூட்டியே ஊகியுங்கள். அதே போல் ஒரு 4 எழுதிக் காட்டி, ஏமாற்றியும் பாருங்கள். இடக்கையால் எழுதும் நண்பர் ஒருவர் இருந்தால், மறக்காமல் அவரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அவருடைய 4ஐயும் உங்கள் மெஷின் பார்க்கட்டும்!